அரிசி வண்டு என்றுதான் சொன்னேன்

அரிசியில் வண்டு வந்துவிட்டால் பலர் உடனே அதை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அது தேவையில்லை மேடம். கடும் வெயிலில் போட்டால் அரிசி நொறுங்கிப் போகும், சோறு குழைந்துவிடும். நிழலில் பரப்பி, புடைத்து, டப்பாவில் நாலைந்து காய்ந்த மிளகாயைப் போட்டு வைத்தால் போதும். இதை எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் நானே எழுதினேன். ஜூன் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. என் போன் உங்களிடம்தான் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். அதைப் படித்துவிட்டு பி பிளாக்கில் ஒன்பது வீட்டுக்காரர்கள் அரிசியைக் கொட்டி உலர்த்தினார்கள். ஒரு வீட்டு அரிசியிலும் வண்டு இல்லை. இருக்காது என்று எனக்குத் தெரியும்.

முதலில் இருந்து சொல்லச் சொன்னீர்கள். என் பெயர் சுந்தர்சிங். வயது ஐம்பத்தாறு. தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர். பெருங்களத்தூரில் எங்கள் வீடு பி பிளாக்கில் இரண்டாம் மாடியில் இருக்கிறது. மனைவி ஞானசௌந்தரி பள்ளி ஆசிரியை. இப்போது கீழ்க்கட்டளையில் தங்கை வீட்டில் இருக்கிறாள். அவளுக்கு இதில் ஒன்றும் தெரியாது. அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

நான் பொய் சொல்லிப் பழகியவன் இல்லை. அதிலும் ஓர் உயிருக்குத் தவறான பெயர் சொன்னால் எனக்கு உடம்பு கூசும். என் மகள் பிளஸ்ஸியின் ஏழாவது பிறந்தநாளுக்கு வாங்கிய கேக்கில் சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளி வைத்து ஒரு பொறிவண்டை வரைந்து, கீழே ‘எங்கள் பொன்வண்டு’ என்று எழுதியிருந்தார்கள். இரண்டும் வேறு வேறு குடும்பம். கேக்கைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிளஸ்ஸி அன்று நிறைய அழுதாள். அது எனக்கு வருத்தம்தான். ஆனால் கடைக்காரர் மேல்தான் தப்பு.

வண்டுக்குப் பெயர் கண்டுபிடிப்பது மந்திரம் இல்லை. பொறுமை இருந்தால் நீங்களும் செய்யலாம். புத்தகத்தில் இரண்டு இரண்டு கேள்வியாகக் கொடுத்திருப்பார்கள். மூக்கு நீண்டிருக்கிறதா, இல்லையா. நீண்டிருந்தால் ஏழாம் எண்ணுக்குப் போ, இல்லையென்றால் பன்னிரண்டுக்குப் போ. அப்படியே போனால் கடைசியில் ஒரே ஒரு பெயர் நிற்கும். அதைப் பழைய நூல்களில் உள்ள வர்ணனையோடு ஒத்துப் பார்க்க வேண்டும், பிறகு ஊசி குத்திப் பெட்டியில் வைத்திருக்கும் மாதிரிகளோடு. இதற்கென்று ஓர் இணையதளமும் உண்டு. யார் வேண்டுமானாலும் படம் ஏற்றலாம், தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். இரண்டு பேர் ஒரே பெயரை ஒப்புக்கொண்டால் அது உறுதியான பதிவாகி, உலகத்தில் எந்த ஆராய்ச்சிக்காரரும் எடுத்துப் பயன்படுத்தும் தகவலாகிவிடும். அந்தத் தளத்தில் நான் பதினான்காயிரம் படங்களுக்குப் பெயர் சொல்லியிருக்கிறேன்.

யக்ஞநாராயணன் சார் பன்னிரண்டாயிரம். அவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், விலங்கியல் படித்தவரே இல்லை. மனைவி காலமாகிவிட்டார். மகன் அனிருத் டொரண்டோவில். அதே பி பிளாக்கில் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் நானும் அவரும் அவருடைய ஸ்கூட்டரில் நன்மங்கலம் காட்டுக்கோ வண்டலூர்ப் பக்கமோ போய்விடுவோம். தாம்பரம் சுற்றுவட்டார வண்டுகளுக்கு ஒரு படக் கையேடு தயார் செய்துகொண்டிருந்தோம். முந்நூற்று நாற்பது இனம் சேர்ந்திருந்தது. நல்ல மனிதர் மேடம். அதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.

அந்த முந்நூற்று நாற்பதில் ஒன்று நான் பெயர் வைத்தது. நன்மங்கலத்தில் ஆவாரஞ்செடி இலையில் பிளஸ்ஸிதான் அதை முதலில் பார்த்தாள். மிளகு அளவு, பச்சைப் பளபளப்பு. அப்போது அவளுக்குப் பத்து வயது. அடுத்த வருடம் அக்டோபரில் டெங்கு வந்து நான்கு நாளில் போய்விட்டாள். இரண்டு வருடம் கழித்து அந்த வண்டை விவரித்துக் கட்டுரை எழுதி, பெயரின் பின்பாதியில் அவள் பெயரை வைத்தேன். கல்லறைக் கல்லில் எழுதியது மழையில் மங்கும். வண்டின் பெயர் மங்காது, இந்தத் துறை இருக்கும்வரை யாராவது ஒருவர் அதை எழுதிக்கொண்டே இருப்பார்கள். எனக்கு அவள் மேல் இருந்த பாசம் முழுவதும் அந்த ஒரு வார்த்தைக்குள் இருந்தது.

ஏப்ரல் இருபத்தாறு, சனிக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்ததும் சார் கூப்பிட்டார். மடிக்கணினியில் ஒரு பழைய புத்தகத்தின் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார். வெள்ளைக்காரர் காலத்தில் லண்டனில் அச்சான வண்டுத் தொகுதி. எங்கள் கல்லூரி நூலகத்திலும் அது உண்டு, ஆனால் அந்தப் பிரதியில் 213ஆம் பக்கம் கிடையாது. இது எங்கள் இருவருக்குமே தெரியும். ஏதோ வெளிநாட்டு நூலகம் அதை ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருந்ததை அவர் தேடிக் கண்டுபிடித்திருந்தார்.

“சுந்தர், இதைப் பாருங்கோ. ஆவாரஞ்செடி, பச்சை, தோள்ல ரெண்டு குழி. நூத்திப்பத்து வருஷத்துக்கு முன்னாலயே நம்ம வண்டுக்கு ஒருத்தன் பேர் வெச்சுட்டான்” என்றார்.

ஒரே உயிருக்கு இரண்டு பெயர் இருந்தால் முந்தியதுதான் நிற்கும். பிந்தியது செல்லாது. அது இந்தத் துறையின் சட்டம், நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற சட்டம்.

“உங்க மேல தப்பே இல்ல. உங்க லைப்ரரி காப்பியில அந்தப் பக்கத்தை எவனோ எடுத்துண்டு போயிட்டான், நீங்க எங்க பார்த்திருக்க முடியும்? ஆனைக்கும் அடி சறுக்கும்” என்றார். என் தோளில் கை வைத்தார்.

“இன்னும் யார்கிட்ட சொன்னீங்க சார்?”

“உங்ககிட்டதான் முதல்ல. திங்கக்கிழமை ஒரு குறிப்பு அனுப்பிடலாம், ரெண்டு பேர் பேரும் போட்டு. பேர்தானே போறது சுந்தர், குழந்தை ஞாபகம் எங்கயும் போகாது. இருங்கோ, பெட்டியை எடுத்துண்டு வரேன், ஒரு தடவை ஒத்துப் பார்த்துடுவோம்.”

அவர் வண்டுப் பெட்டிகளை வைத்திருந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூச்சி அரிக்காமல் இருக்க ஜன்னலை அடைத்துவிட்டிருந்தார். கதவு ஓரம் முழுக்க ரப்பர் பட்டை. இருபத்துநான்கு மணி நேரமும் ஏசி. அலமாரியெங்கும் அந்துருண்டை. அவருக்கு ஆஸ்துமா உண்டு, அதனால் அந்த அறையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்க மாட்டார். இன்ஹேலரும் போனும் சாப்பாட்டு மேசைமேல் இருந்தன. அறைக் கதவில் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. அவர் உள்ளே போனார். ஏசி குளிர் வெளியே போகக் கூடாதென்று வழக்கம்போலக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன்.

முதலில் சிரித்தார். “சுந்தர், கதவு மாட்டிண்டுடுத்து போலிருக்கு” என்றார். சற்று நேரம் கழித்து, “இன்ஹேலர் டேபிள் மேல இருக்கு சுந்தர், கதவைத் தொறங்கோ” என்றார். பிறகு பேச்சு இல்லை, தட்டும் சத்தம்தான். நான் மேசையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை முழுதாகப் படித்தேன். உணர்கொம்பில் பதினொரு கணு. தோளில் இரண்டு குழி. பின்காலில் முள் இல்லை. எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தான் அந்த மனிதன். செங்கல்பட்டு ரயில் போனபோது மணி நான்கு இருக்கும், அதற்கு மேல் தட்டவில்லை. அவரை நான் தொடக்கூட இல்லை. பிரேதப் பரிசோதனையிலும் அப்படித்தான் வந்திருக்கும்.

அவருடைய கணினியில் அந்தக் கோப்பை அழித்தேன். ஏசியை ஓடவிட்டு, வாசலைப் பூட்டி, அவருடைய போனை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அனிருத்துக்கு அதிலிருந்து செய்தி அனுப்பினேன். அருணாசலப் பிரதேசத்துக்கு வண்டு பார்க்கப் போகிறேன், சிக்னல் இருக்காது, இரண்டு மாதம் ஆகும். அவர் வாக்கியத்தின் முடிவில் எப்போதும் இரண்டு புள்ளி வைப்பார், நானும் வைத்தேன். ‘ஸ்வெட்டர் எடுத்துண்டு போ அப்பா’ என்று பதில் வந்தது. சரி என்று எழுதி, இரண்டு புள்ளி வைத்தேன்.

மே மாதம் கொஞ்சம் வாடை இருந்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் சம்பந்தம் என்பவர், எலி செத்திருக்கும் என்று சாக்கடை மூடியை எல்லாம் திறந்து பார்த்து பினாயில் ஊற்றினார். குளிரும் ரப்பர் பட்டையும் மீதியைப் பார்த்துக்கொண்டன. உடல் அழுகுவதைவிட அதிகமாகக் காய்ந்தது. ஏசி குழாய் வெளியே போகும் ஓட்டையை மட்டும் நான் யோசிக்கவில்லை. காய்ந்ததைத் தேடி வருகிறவற்றுக்கு அந்த அளவு வழி தாராளம்.

அந்த வீட்டுக்கு நேர் கீழே, எங்களுக்கு எதிர் வீட்டில் சின்மயி என்றொரு பெண் இருக்கிறாள். காட்டாங்குளத்தூர் பல்கலைக்கழகத்தில் அலுவலக வேலை. ஜூன் முதல் வாரம் அவள் பால்கனியில் வண்டுகள் விழ ஆரம்பித்தன. பிறகு மாடிப்படியில், பிறகு மற்ற வீடுகளில். அவள் படம் எடுத்துக் குழுவில் போட்டு, “சுந்தர்சிங் சார், இது என்ன வண்டு?” என்று கேட்டாள். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. அரிசி வண்டு என்று எழுதினேன்.

“அரிசி வண்டு இவ்ளோ பெருசாவா சார் இருக்கும்?”

“சில சமயம் இருக்கும்மா.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், நான் அரிசியிலேயே மறைத்தேன். எல்லோரும் நம்பினார்கள். வண்டு விஷயத்தில் என் சொல்லுக்கு அங்கே மறுசொல் கிடையாது. விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

ஆனால் சின்மயி ஆர்வமுள்ள பெண். போனில் மாட்டும் குட்டி லென்ஸ் ஒன்று வாங்கி, மேலேயும் அடியிலேயும் அழகாகப் படம் எடுத்து, நான் சொன்ன அந்த இணையதளத்தில் ஏற்றிவிட்டாள். ‘அரிசி வண்டு, பெருங்களத்தூர்’ என்று போட்டு, பெயர் சொன்னவர் பேராசிரியர் சுந்தர்சிங் என்று மரியாதையாக ஒரு குறிப்பும் எழுதியிருந்தாள். என் பெயரைப் பார்த்து பெங்களூரில் யாரோ ஒருவர் யோசிக்காமல் ஒப்புக்கொண்டார். உறுதியான பதிவு ஆகிவிட்டது. மூக்கே இல்லாத ஒரு பூச்சி, அரிசி வண்டு என்று உலகத்துக்கே தகவலாகிவிட்டது.

ஆறு நாள் பொறுத்தேன். வகுப்பு எடுக்க முடியவில்லை, சோறு இறங்கவில்லை. ஞானசௌந்தரி பிரஷர் மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சார் போன அன்றுகூட நான் நன்றாகத் தூங்கினேன் மேடம், ஒளிக்காமல் சொல்கிறேன். ஏழாம் நாள் காலை பதினொன்றரைக்கு, ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து திருத்தினேன். ‘இது அரிசி வண்டு அல்ல. மூக்கு நீளவில்லை. அடிவயிறு வெள்ளை. நீளம் எட்டு மில்லிமீட்டர். தோல் வண்டு. கருவாடு, காய்ந்த தோல், காய்ந்த உடல் ஆகியவற்றில் வாழும்.’ எழுதி முடித்ததும் பசித்தது. கேன்டீனில் போய் இரண்டு வடை சாப்பிட்டேன்.

வேறு பெயரில் திருத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். அது ஏமாற்று வேலை இல்லையா?

மாலையில் சின்மயியிடமிருந்து செய்தி வந்தது. “சார், குரூப்ல நீங்கதானே அரிசி வண்டுன்னு சொன்னீங்க? எங்க வீட்டுல கருவாடெல்லாம் கிடையாது.” கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வந்தது. “மேல யக்ஞநாராயணன் சார் ஊர்ல இல்லன்னு சொன்னாங்க. ஆனா அவர் வீட்டு ஏசித் தண்ணி ரெண்டு மாசமா எங்க பால்கனியில சொட்டிட்டே இருக்கு சார்.” அவளுக்கும் ஒன்று ஒன்றாகக் கேள்வி கேட்டுப் போகத் தெரிந்திருந்தது. மறுநாள் காலை சம்பந்தம் பூட்டுக்காரரை அழைத்து வந்தார். பிறகு நீங்கள் வந்தீர்கள்.

பிடிபட வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டுத்தான் திருத்தினேனா என்று கேட்டீர்கள். இல்லை. தப்பான பெயர் ஒன்று என் பேரில் நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, அவ்வளவுதான். சாரும் அப்படித்தான். அதனால்தான் அவர் திங்கட்கிழமை அனுப்பிவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது. எங்கள் வீட்டு ஹாலில் பிளஸ்ஸியின் படம் மாட்டியிருக்கும். சட்டத்தின் பின்பக்க அட்டையைக் கழற்றினால் உள்ளே ஒரு பழைய தாள் இருக்கும். 213ஆம் பக்கம். பதினோரு வருடத்துக்கு முன்னால், பெயர் வைக்கும் கட்டுரையை அனுப்புவதற்கு முந்தைய வாரம், நூலகத்தில் பிளேடு வைத்து எடுத்தேன். ஓரம்கூடப் பிசிறவில்லை. மடிக்காமல் கொண்டுபோய்க் கல்லூரி நூலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள், அது அவர்கள் சொத்து.

வாக்குமூலத்தை முடிக்கும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் மேடம். அந்த அரிசி வண்டு ஒன்றைத் தவிர, தெரிந்தே நான் எந்த உயிருக்கும் தவறான பெயர் சொன்னதில்லை.