நாற்பத்தோராவது நகர்த்தல்

தலைவர் அவர்களே, நிரல் எழுதி எழுதிக் கண் சிவந்த சான்றோர்களே, இயந்திரம் சொன்னபடி காய் நகர்த்தும் தோழர்களே, இந்தக் கிறுக்கர்களைப் பொறுத்துக்கொள்ளும் தாய்மார்களே, லைடன் கணினிச் சதுரங்கப் போட்டியின் நடுவர் ரூலோஃப் வணங்குகிறேன். வாழ்த்த வரவில்லை நான். வாக்குமூலம் தர வந்தேன்.

நம் விதி என்ன? சமன் கேட்பதும் தோல்வியை ஏற்பதும் நிரலின் உரிமை. காய் நகர்த்தும் மனிதர் நடுவர் இசைவின்றி இரண்டையும் செய்யலாகாது. முன்பு இருவர் கண்ணாலே பேசி ஆட்டத்தைச் சமனாக்கி, மூன்றாமவருக்குச் சேரவேண்டிய கோப்பையைப் பறித்தார்கள். அதனால் அந்த விதியை எழுதினேன். நீங்கள் கைதட்டினீர்கள்.

சென்ற நவம்பர், கடைசிச் சுற்று. பன்னிரண்டு ஆண்டு உழைத்து நிரல் எழுதிய ஹார்மன் மருத்துவமனையில். அவருடைய நிரலுக்குக் காய் நகர்த்தப் பலகை முன்னே அவர் மனைவி சீட்ஸ்கே. பிற்பகல் மூன்று மணிக்குத் தொலைபேசி வந்தது. உடனே வரச் சொன்னார்கள்.

பலகையில் ஆளுக்கொரு ராஜா, ஆளுக்கொரு யானை. யாரால் வெல்ல முடியும்?

"சார், இது சமன்தானே? விடுங்க, நான் போகணும்."

எதிரே இருந்த யோரிஸ், "எனக்குச் சம்மதம் சார், அவங்களை அனுப்புங்க" என்றார்.

நான் சொன்னேன்: "ரெண்டு நிரலும் தான்தான் முன்னிலைன்னு காட்டுதும்மா, சமன் கேக்காது. வெட்டு இல்லாம ஐம்பது நகர்த்தல் முடிஞ்சாதான் சமன்."

"அப்ப தோத்துட்டேன்னு எழுதிக்கோங்க."

"அதுக்கும் உங்களுக்கு உரிமையில்ல. எழுந்து போனா ஹார்மனோட எல்லா ஆட்டமும் ரத்தாகிடும்."

வேறொருவரை உட்கார வைத்திருக்கலாமே என்கிறீர்களா? சுற்று தொடங்குமுன் பெயர் தந்திருக்க வேண்டும். அதுவும் நான் எழுதிய விதி.

சீட்ஸ்கே உட்கார்ந்தார். யானையை இங்கே வைத்தார், அங்கே வைத்தார், இன்னோரிடத்தில் வைத்தார். நாற்பத்தோராவது நகர்த்தலில் தொலைபேசி மறுபடி ஒலித்தது. கேட்டார். வைத்தார். யோரிஸ் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். "இப்ப கிளம்புங்கம்மா, நான் பார்த்துக்கிறேன்" என்றேன்.

"இனிமே அவசரமில்ல சார்."

மீதி ஒன்பதையும் நகர்த்தினார். ஆட்டம் சமன்.

இயந்திரத்துக்கு யார் சாகிறார்கள்? இயந்திரத்துக்கு எங்கே போகவேண்டும்? போகவேண்டியவர் நம்மிடம் கெஞ்சினார். கெஞ்சியவரிடம் விதித் தாளைக் காட்டினேன். தாளில் பிழையில்லை, தோழர்களே. தாளைப் பிடித்த கையில்தான் பிழை.

இன்று சீட்ஸ்கேயை இந்தக் கூட்டத்துக்கு அழைத்தேன். "நீங்க பேசி எனக்கு என்ன ஆகப்போகுது" என்றார். ஆனாலும் கேட்கிறேன்: பலகை முன் அமரும் மனிதர் 'போதும்' என்றால் ஆட்டம் அங்கேயே நிற்கட்டும். அந்த ஒரு வரியை இன்றே எழுதுங்கள். எழுதும் கை என்னுடையதாக இருக்க வேண்டாம். நடுவர் பதவியை இந்த மேடையிலேயே விட்டு இறங்குகிறேன்.

பொறுமையோடு கேட்டீர்கள், நன்றி. வீட்டில் காத்திருப்பவர்களிடம் சீக்கிரம் போய்ச் சேருங்கள். வணக்கம்.