மின்னாத படம்

லிஃப்டில் வரும் வாசனையை வைத்தே எந்த வீட்டில் என்ன கொதிக்கிறது என்று சொல்லிவிடுவேன், ஐயா. மூக்கு அப்படி. நொதித்த சோயாக் குழம்பு என்றால் ஏழாம் மாடி பியோ கும்ஜா அக்கா வீடு. எங்கள் அடுக்ககத்து மகளிர் சங்கத் தலைவி. நக்கிய கரண்டியையே பொதுச் சட்டியில் விட்டுத் துழாவுவாள். மெட்ரோவில் கதவு திறந்ததும் கைப்பையை வீசி இடம் பிடிப்பாள். எங்கள் தேஜோன் நகரத்து மெட்ரோவில் அவள் பை விழாத சீட்டே கிடையாது.

எனக்கு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் ஊசி தயாரிக்கும் வேலை. பெப்டைடு என்கிற குட்டிப் புரதத் துண்டில் கதிர்வீச்சை ஒட்டுவோம். சில புற்றுக்கட்டிகள், உடம்பின் காவல் அணுக்களை ஏமாற்ற, ஒரு புரதத்தைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பெப்டைடு அதில் போய் ஒட்டும், படத்தில் கட்டி மின்னும். மின்னினால், போர்வையை விலக்கும் புது மருந்து கிடைக்கும். மின்னாவிட்டால் கிடையாது.

போன நவம்பரில் சங்கத்துப் பெண்கள் கூடி கிம்ச்சி ஊறுகாய் பிசைந்தோம். பியோ அக்கா என் கையைப் பார்த்தாள்.

"நீ மசாலாவத் தொடாத, மிரான். உன் கையால தின்னா ராத்திரி எங்க வயிறெல்லாம் பல்பு மாதிரி எரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அதற்குள் நான் பிசைந்திருந்த எட்டு முட்டைக்கோஸையும் மறுநாள் உணவுக் குப்பைத் தொட்டியில் பார்த்தேன்.

மார்ச்சில் நுரையீரல் கட்டியோடு எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்தாள். "என் தங்கச்சி இங்கதான இருக்கா" என்று என்னைக் காட்டி வரிசையை முந்தினாள்.

கதிர்வீச்சு ஒட்டாத வெறும் பெப்டைடும் எங்களிடம் இருக்கும். சோதனை எலிகளுக்கு அதை அளவுக்கு மீறிக் கொடுத்தால், கட்டியில் இருக்கும் இடத்தையெல்லாம் அதுவே பிடித்துக்கொள்ளும். மின்னும் பெப்டைடுக்கு உட்கார இடமிருக்காது. கைப்பை வீசுவது போலத்தான். அவளுக்கு ஸ்கேன் எடுத்த அன்று காலை அவள் ஊசிக் குப்பியில் அதைக் கலந்தேன். தரச் சான்றிதழிலும் நானே கையெழுத்திட்டேன்.

படத்தில் சிறுநீரகமும் மூத்திரப்பையும் மட்டும் மின்னின. இந்த மருந்து உங்களிடம் வேலை செய்யாது என்றார் டாக்டர். அவள் காதில் அது வேறு மாதிரி விழுந்தது.

"மருந்துக்கே வேலையில்லையாம்டி. கட்டியே தெரியலையாம்."

"நல்லதுக்கா" என்றேன்.

பழைய மருந்தே தொடர்ந்தது. அதற்குக் கட்டி அடங்கவில்லை. செப்டம்பரில் செத்துப்போனாள். ஆமாம், ஐயா, நான்தான் கொன்றேன்.

படம் எடுத்த வாரம் அடுக்ககம் முழுக்க அரிசி கேக் பங்கிட்டாள். விரலை நக்கிவிட்டு எனக்கும் ஒன்று எடுத்து நீட்டினாள். நான் அதைத் தொடவே இல்லை. எனக்குக் கை சுத்தம் முக்கியம்.