சோடா உப்பு செய்த வேலை

“இல்லாத மாட்டுக்குப் பிரேக் அடிச்சேன், புள்ள. லாரி கவுந்திருக்கும்.”

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்த லாரி டிரைவர் தன் மனைவியிடம் இப்படிச் சொன்னார். டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

“முழிச்சிருக்கப் போடுற மாத்திரை, கேரளாவுல காய் இறக்குற வரைக்குந்தான் வேலை செய்யுமாம். நெஞ்செரியுதுன்னு மேல மேல சோடா உப்பைக் கரைச்சுக் குடிச்சேன்ல, அதுல மாத்திரை ஒடம்ப விட்டு எறங்காம நின்னுக்கிச்சாம், அதான் மாடு தெரிஞ்சுச்சாம்.”

“அதுதானுங்களா வீட்டுக்கு வந்தும் ரெண்டு நாளு கண்ணு மூடல?”

“ஆமா. இனி ரெண்டையும் தொடமாட்டேன்.”

“தொடாதீங்க சாமி.”

ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் அந்த அம்மா மெல்லச் சொன்னார்.

“ஏனுங்க, அந்த ரெண்டு நாளும் அடுப்படியிலயே ஒக்காந்து உங்க சின்ன வயசுக் கதையெல்லாம் சொன்னீங்க. கல்யாணமாகி இத்தன வருசத்துல எங்கிட்ட அம்புட்டுப் பேசுனது அப்பத்தானுங்க.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“கதைய எங்க விட்டேன்?” என்றார்.