இருட்டு பத்தலை

பாஸ்போர்ட் சைஸ் படத்தில் யாருமே அழகாக இருப்பதில்லை, சார். அதற்கு மட்டும் என்னைக் குற்றம் சொல்லாதீர்கள். ராஜபாளையத்தில் பென்சன் ஸ்டூடியோ என்றால் ஆதார் மூஞ்சியும் காதுகுத்துப் படமும்தான். ஆனால் ராத்திரி கடையைப் பூட்டியதும் நான் கலைஞனாகிவிடுவேன். தெருவில் போகிறவர்களை அவர்களுக்குத் தெரியாமல் கருப்பு வெள்ளையில் எடுப்பேன். டீ ஆற்றுகிறவர், மூட்டை மேல் தூங்குகிறவர், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர். பேஸ்புக்கில் போட்டதும் முதல் லைக் என் மனைவி ஜெனிலாவிடமிருந்து வரும். அவள் போனை எடுத்து அதையும் நான்தான் போடுவேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்களுக்கு ஒரு போட்டோ சங்கம் உண்டு. அதன் தலைவர் உப்பிலி. போன மாசக் கூட்டத்தில் என் படங்களைப் புரட்டிவிட்டு, "எல்லாம் சரிதான் பென்சன், இருட்டு பத்தலை" என்றார். ரசத்தில் உப்பு பத்தலை என்பது போலச் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் மேல் என்ன தப்பு? தெருவெல்லாம் புதிதாக எல்இடி விளக்கு போட்டு, குண்டூசி விழுந்தால்கூடப் பொறுக்கும்படி வைத்திருந்தார்கள்.

கடைக்குப் பின்தெருவில் விளக்குக் கம்பத்துப் பெட்டிக்குப் பூட்டு கிடையாது. பியூஸைப் பிடுங்கினேன். மூலையில், சாத்திய பெட்டிக்கடை வாசலில் எரியும் ஒரு பல்பைத் தவிர மற்றதெல்லாம் என் இருட்டு. தெருவிளக்கு பார்க்கும் தங்கப்பாண்டியன் பகலில் வந்து மாட்டுவார். ராத்திரி நான் பிடுங்குவேன். "எந்தக் களவாணிப் பயன்னு தெரியலண்ணே" என்று என் கடையிலேயே உட்கார்ந்து புலம்புவார். நான் அவருக்கு டீ சொல்வேன்.

அந்த வாரம் சாக்கடை அடைப்பு எடுப்பதற்காக அங்கே வாறுகால் மூடிக்கல்லைத் தூக்கிவைத்து, சுற்றிலும் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். அது படத்துக்குக் குறுக்கே வந்தது. அவிழ்த்து, மடித்து, கேமரா பையில் வைத்தேன். வேலை முடிந்ததும் திரும்பக் கட்டிவிடலாம் என்றுதான். நான் பொறுப்பில்லாத ஆள் இல்லை, சார்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் பணியாரம் விற்கும் வேலுத்தாய் வந்தார். புருஷன் போனதிலிருந்து வெள்ளைச் சேலைதான் கட்டுவார். சுற்றிலும் கறுப்பு, நடுவில் அந்த வெள்ளை, இடுப்பில் சட்டி. உப்பிலி வாயை அடைக்க இது போதும் என்று நினைத்தேன். வேலுத்தாய் திறந்து கிடந்த வாறுகால் குழியை நோக்கி நேராக வந்துகொண்டிருந்தார். கூப்பிட்டிருக்கலாமே என்பீர்கள். கூப்பிட்டால் கேமராவைப் பார்ப்பார், பார்த்துவிட்டால் அது ஸ்டூடியோ படம். எடுக்கிறவன் வாயைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் விதி. மற்ற விதிகளில் நான் மட்டம், இதில் மட்டும் கறார்.

அவர் குழிக்குள் விழும்போது எடுத்த படம் ஆடிப்போயிருந்தது. என் திறமை அவ்வளவுதான். கிட்டே போனேன்.

"ஏலே, யாருல அங்கன நிக்கது? செத்த கையக் குடு."

ஒரு கை மட்டும் மேலே நீண்டிருந்தது. அதை எடுத்தேன். கேமரா சத்தம் அவருக்குக் கேட்டுவிட்டது.

"போட்டோக்காரத் தம்பியா? எய்யா, இடுப்பு ஒடிஞ்சு போச்சுய்யா. தூக்கி விடு."

ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். தூக்கிவிட்டால் லைட் எங்கே, நாடா எங்கே என்று பேச்சு வரும். ஊரில் எனக்கு இருக்கிற கொஞ்ச மரியாதையும் போய்விடும். நாடாவை எடுத்துச் சுற்றிலும் கட்டினேன். இன்னும் யாராவது வந்து விழுந்துவிடக் கூடாதே. பிறகு வீட்டுக்குப் போய்விட்டேன். விடியற்காலம் பெய்த மழையில் வாறுகால் நிறைந்துவிட்டதாம். மழைக்கு நான் என்ன செய்ய முடியும்?

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வந்தது. மாலையோடு துட்டி வீட்டுக்குப் போனேன். நாடா கட்டியிருந்தும் இந்த அம்மா ஏன் அதைத் தாண்டிப் போச்சு என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் தலையாட்டினேன். தங்கப்பாண்டியன் பக்கத்தில் வந்து நின்று, பிரேதம் எப்போது கிளம்பும் என்று தெரிந்துகொள்ள மெதுவாகக் கேட்டார்.

"எப்பண்ணே எடுக்காக?"

முந்தின ராத்திரி முழுக்கத் தூங்காமல் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

"நேத்து ராத்திரியே எடுத்துட்டேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் தோளில் தொங்கிய கேமரா பையைப் பார்த்தார். துட்டி வீட்டுக்கு அதை மாட்டிக்கொண்டு போன கூமுட்டை உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

பியூஸைப் பிடுங்கியது நான். நாடாவை அவிழ்த்தது நான். கூப்பிடக் கூப்பிட அவரை விட்டுவிட்டு வந்ததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். கோர்ட்டுக்கு பிரிண்ட் போடும்போது உங்கள் ஆள் அந்தப் படத்தின் ஓரத்தை வெட்டிவிடப் போகிறார். அந்தக் கை ஓரத்தில்தான் இருக்கிறது. அது போய்விட்டால் படத்தில் ஒன்றுமே இல்லை, சார்.