கலைக்கப்பட்ட படையின் காவலாள்

நவம்பர் மாதம், மாலை ஐந்து மணி. சுவிஸில், சோலோதுர்ன் நகருக்கு மேலே, பஸ் திரும்பும் கடைசித் தரிப்புக்கு அப்பால் காட்டு வழி. மூடுபனி... ஒரு விளக்குமில்லை. கோபிஷா, கதவைப் பார்க்காதே, கிட்ட வந்து இரு. நம் நிலனின் பெரியம்மா கஜலக்சுமி அந்த வழியால் தனியே நடந்தார்.

மேலே ஒரு பெரிய வீடு. உள்ளே ஒரேயொரு கிழவர். நாடிழந்த ஓர் அரச குடும்பத்தின் கடைசி ஆள். அவரைப் பராமரிப்பதுதான் பெரியம்மாவின் வேலை.

இங்கே ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். பிரிட்டிஷ் படையணிகள் சில, அயல்நாட்டு அரசர்களைக் கௌரவத் தளபதியாக வைத்துக்கொள்வதுண்டு. போருக்குப் போகத் தேவையில்லை. சீருடையும் மரியாதையும் மட்டும். கிழவரின் பாட்டனாரும் அப்படி ஒருவர். ஆண்டுதோறும் படையணியின் நாளில் அவர் வாசலில் ஒரு காவலாள் நிற்பான். வீட்டுக்கு முதுகு காட்டி, வழியைப் பார்த்தே நிற்பான். தானாக நகரமாட்டான். மாற்று ஆள் வரவேண்டும், அல்லது வீட்டார் வந்து விடைகொடுக்க வேண்டும்.

அந்தப் படையணியையே கலைத்து எவ்வளவோ காலம்.

அன்று படையணியின் நாள். கிழவர் எழும்ப முடியாமல் கிடந்தார். வெளியே சரளைக்கல்... சரக்... சரக்... குதிகள் சேர்ந்து, டக். சப்பாத்துப் பொலிஷ் மணம். நனைந்த கம்பளி மணம்.

“வந்துவிட்டான்,” என்று கிழவர் ஜெர்மனில் முனகினார். “எனக்குப் பிறகு அவனை அனுப்ப ஆளில்லை. நீ போய்ச் சொல். நிம்மதியாகக் கண்ணை மூடுவேன்.”

பெரியம்மா கதவைத் திறந்தார். ஆளில்லை. சரளையில் பாத அளவில் இரண்டு பள்ளம், நுனி வழியைப் பார்த்தபடி... மெல்ல ஆழமாகிக்கொண்டிருந்தது.

‘போ’ என்று சொல்ல வேண்டும். வாசலில் நிற்பவரை நம் சனம் அப்படி அனுப்புமா? ‘போய்விட்டு வா’ என்றுதானே சொல்லும். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

“போட்டு வாங்கோ, தம்பி.”

டக். சரக்... சரக்... ஒலி காட்டுக்குள் இறங்கியது. திரும்பி வந்தால், கிழவர் சிரித்த முகத்தோடு போயிருந்தார்.

அடுத்த நவம்பர். ஆராவ் நகரில், மூன்றாம் மாடியில் பெரியம்மாவின் வீடு. பெரியப்பா இறந்தபின் அந்த அழைப்புமணியை அடிப்பார் இல்லை. மாலை ஐந்து மணி. படியில் காலடி... வாசலில், டக். பொலிஷ் மணம். நனைந்த கம்பளி மணம்.

பிறகு அது போகவேயில்லை.

போன கிழமை நிலன் கெஞ்சினான். “போ எண்டு ஒரு சொல் சொல்லிவிடுங்கோவன், பெரியம்மா!”

“சும்மா இரடா. என்ரை வாசலுக்கு வேறை ஆர் வருகினம்?”

இப்போதெல்லாம் அவர் கதவைப் பூட்டுவதில்லை. நிலன் வெளியே வந்து குனிந்து பார்த்தான். கால்மிதியில் பாத அளவில் இரண்டு பள்ளம்...

நுனி வீட்டுக்குள் பார்த்தபடி.