சிவபாதத்தின் முதுகு

இத்தாலியில், லிபெர்த்தா வீதியிலிருந்து வரும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள்.

“அக்கா, உங்கட அப்பான்ரை முதுகுக்குக் காசு தரேலாதாம்” என்றாள் இளையவள்.

நான் கைபேசியை மடியில் வைத்துவிட்டேன்.

“அப்பா செத்து எவ்வளவு காலம்! முதுகு நோ எனக்கெல்லோ? நான் பாக்கிற கிழவி, அந்தச் சிஞ்ஞோராவைத் தூக்கித் தூக்கி வந்தது.”

“ஓம். நான் வேலை செய்யிற கைரோபிராக்டரிட்டை நீங்கள் வந்து முதுகை நிமித்தினதுக்கு இன்சூரன்ஸுக்கு நான்தானே எழுதினனான். நாங்கள் அப்பான்ரை பேரைத்தானே முன்னுக்குப் போடுறது? அந்தப் பழக்கத்திலை அப்பிடியே போட்டிட்டன். இத்தாலிக்காரன் முன்னுக்கு இருக்கிறதுதான் ஆள் எண்டு நினைச்சிட்டான். சிவபாதம் எண்டு ஒருத்தரையும் தங்களுக்குத் தெரியாதாம்.”

“ஐயோ, இனி?”

“ஒண்டுமில்லை. நாளைக்கே பேரை மாத்தி அனுப்புறன். காசு வரும், நான் எடுத்துத் தருவன். இதுக்கெல்லாம் ஆரும் பயப்பிடுவினமே?”

அவள் சொன்ன விதத்தில் எனக்கே பணம் வந்துவிட்டதுபோல் இருந்தது. மூத்தவளுக்கு வேறு கவலை.

“அப்பான்ரை பேரை வெட்டிப்போடாதை, பிள்ளை.”

“சீ, வெட்டமாட்டன். பின்னுக்கு இருத்துறன்.”

வியா மக்வேதா வீதிக்குக் கிட்ட பஸ் நின்றது. இடுப்பை ஒரு கையால் பிடித்தபடி எழும்பிய மூத்தவள் திடீரென்று சிரித்தாள்.

“அப்பாவுக்கும் முதுகு நோதான், பிள்ளை. மனுசன் சாகும்வரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இப்ப இத்தாலிக்காரனுக்கே தெரிஞ்சுபோச்சு.”