கிளிக்கு மரக்கறி பழக்கியது

கிளிக்குப் பயிற்றங்காய் கொடுப்பதென்றால் பிஞ்சாகப் பார்த்துப் பிடுங்க வேண்டும். முற்றினதை ஒரு தரம் கடித்துவிட்டால் பிறகு அது அந்தப் பக்கமே திரும்பாது. நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நினைக்க வேண்டாம். கிளியிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்கு விளங்கும்.

என் பெயர் பரமலிங்கம். விவசாயப் போதனாசிரியராக இருபத்தாறு வருடம் இந்தத் தீவுகளில் சைக்கிளில் திரிந்தவன். சுருவில் ஊரில் எங்கள் வீட்டுக் கிணறு உவர்க்கிணறு. அந்தத் தண்ணீரிலேயே கத்தரியும் பயற்றையும் காய்க்க வைத்தேன். போன வருடம் அரிசிக்கும் பாணுக்கும் சனம் வரிசையில் நின்றபோது, மரக்கறி தின்னப் பழகுங்கள் என்று ஊரூராகப் போய்ச் சொன்னேன். சனம் கேட்டது. என் வீட்டில் இரண்டு பேர்தான் கேட்கவில்லை. ஒன்று என் மகள் அம்பிகை. மற்றது அவள் வளர்த்த கிளி.

வீட்டு வளவில் பட்டுப்போன பனையொன்றைத் தறித்தபோது பொந்துக்குள் கிடந்த குஞ்சு அது. அம்பிகை சோறு மசித்து ஊட்டி வளர்த்தாள். அதைப் ‘பிள்ளை’ என்றுதான் கூப்பிடுவாள். சோறும் வாழைப்பழமும் செத்தல் மிளகாயும் தவிர வேறெதையும் அது தொடாது. இரண்டாவது வருடம் இறகு கொட்டத் தொடங்கியது. மரக்கறி கொடுக்க வேண்டும் என்றேன்.

அம்பிகை தன் பாட்டில் ஒரு வழி கண்டுபிடித்தாள். பயிற்றங்காயைப் பொடியாக அரிந்து, ஒரு துண்டைத் தன் வாயில் போட்டு மென்று காட்டுவாள். மற்றத் துண்டை உதட்டில் வைத்துக் கூட்டுக்குக் கிட்டப் போவாள். கிளி அதைப் பறித்துத் தின்னும். அவளுக்குப் பயிற்றங்காய் கண்ணில் காட்டக் கூடாது. ஆனாலும் கிளிக்காக அந்தக் கிழமை ஒரு பிடி தின்றிருப்பாள். அது கொஞ்சி விளையாடுகிற வேலை, அதற்கு மாதக்கணக்கில் செல்லும். நான் நிறுத்திவிட்டேன்.

என் முறை சுருக்கமானது. சோறும் பழமும் இல்லை. காலையில் மரக்கறி வைப்பது, கால் மணித்தியாலத்தில் எடுத்துவிடுவது. மூன்றாம் நாள் கிளி கத்தியது. கத்தும்போது கொடுக்கக் கூடாது. கொடுத்தால், கத்தினால் கிடைக்கும் என்றுதான் அது பழகும். கத்தி ஓய்ந்த பிறகு கொடுத்தேன். பூசணிக்காயின் தோலைக்கூட விடாமல் தின்றது. ஒரு மாதத்தில் இறகு முளைத்தது. அம்பிகை அழுதாள், ஆனால் இறகு முளைத்ததை அவளும் பார்த்தாள்.

அவளுக்குச் சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து இருதயம் பலவீனப்பட்டிருந்தது. “கீரை, மரக்கறி நல்லாக் குடுங்கோ. பிள்ளையைக் களைக்க விடாதேங்கோ” என்று யாழ்ப்பாணத்து டாக்குத்தர் சொல்லியிருந்தார். என் மனைவி கமலாதேவி அவர் சொன்னதில் இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டாள். பிள்ளை கேட்டதையே கொடுத்தாள். மீனும் சோறும்தான். பதினெட்டு வயதில் அம்பிகை காற்றில் பறக்கிற மாதிரி இருந்தாள்.

இந்த வருடம் பங்குனியில் கமலாதேவிக்கு ஆஸ்பத்திரியில் வயிற்று ஒப்பரேசன். பிறகு காரைநகரில் தமக்கை வீட்டில் ஒரு மாதம் ஆறுதல் எடுக்க வேண்டியிருந்தது. வீட்டில் நானும் மகளும் மட்டும். நானே சமைத்தேன். முருங்கையிலை வறை, கத்தரிக்காய்ப் பால்கறி, பாவற்காய். அம்பிகை சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு அறைக்குப் போவாள், வெறும் கோப்பையோடு திரும்பி வருவாள். எனக்குச் சந்தோசமாக இருந்தது. ஒன்பது நாளைக்குப் பிறகு, பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கத்தின் ஆடு எங்கள் யன்னலடியில் என் வறையைத் தின்றுகொண்டு நின்றதைக் கண்டேன்.

நான் கோபப்படவில்லை. அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“எனக்கு அது ஏலாது ஐயா. வயித்தைப் பிரட்டுது. அம்மா வரட்டும்” என்றாள்.

“அம்மா வரமுன்னம் நீ பழகிவிடுவாய்” என்றேன்.

விதை வைக்கிற அறையைத் துப்பரவாக்கிப் பாய் போட்டுக் கொடுத்தேன். குடத்தில் தண்ணீர் வைத்தேன். அதை ஒரு நாளும் குறையவிடவில்லை, இதையும் எழுதிக்கொள்ளுங்கள். காலையில் கோப்பையை வைத்து, கால் மணித்தியாலத்தில் எடுத்தேன். கிளிக்கூட்டை விறாந்தையில் அவளுடைய யன்னலுக்கு நேரே தூக்கினேன். கிளி மரக்கறி தின்பதைப் பார்த்தால் அவளுக்கும் மனம் வரும் என்று நினைத்தேன். முதல் இரண்டு நாளும் அவள் அதோடு கதைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் நாள் பின்னேரம் சின்னத்தங்கம் வேலிப் படலையில் வந்து நின்றாள். “அண்ணை, பிள்ளையின்ர சத்தம் சிலமனைக் காணேல்லை?” என்று கேட்டாள்.

“அம்மாள் வருத்தம் போட்டிருக்கு, உடம்பெல்லாம் கொப்பளம். கிட்ட வராதையும்” என்றேன். அவள் போனதும் படலையில் வேப்பிலை கட்டினேன். அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. காரைநகருக்கும் கடிதம் போட்டேன், ஒப்பரேசன் புண்ணோடு இந்த நேரம் வர வேண்டாம் என்று. மற்றவர்கள் உள்ளே வந்தால் பழக்கம் குழம்பிவிடும். அதற்காகத்தான்.

ஒன்பதாம் நாள் காலையில் கதவைத் திறந்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். இருதயம்தான். டாக்குத்தர் அப்போதே சொன்ன இருதயம். அம்மாள் வருத்தம் என்று ஊருக்குத் தெரியுமாதலால் ஒருவரும் கிட்ட வரவில்லை. நானே வெள்ளைத் துணியால் சுற்றினேன். அன்று பின்னேரமே நாலு பேரை மட்டும் பிடித்துச் சுடலைக்குக் கொண்டுபோனோம். தந்தி கிடைத்துக் கமலாதேவி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மூன்று கிழமை கிளி வாய் திறக்கவில்லை. கமலாதேவி அதன் கூட்டுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி இருப்பாள். ஒரு நாள் மத்தியானம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அது கதைத்தது.

“ஐயா, சாப்பிடுறன். கதவைத் திறவுங்கோ.”

அம்பிகையின் குரல்தான். அவள் இழுத்துச் சொல்கிற இழுவையும் அப்படியே இருந்தது. கமலாதேவி எழும்பி நின்றாள். கிளி திரும்பவும் சொன்னது.

“இஞ்சருங்கோ, இது எப்ப கேட்டுப் பழகினது?”

“கிளி எதையெண்டாலும் சொல்லும். நீர் போய்ப் படும்.”

“பிள்ளைக்கு அம்மாள் எண்டனீங்கள். அம்மாள் போட்ட பிள்ளை ஏன் கதவைத் திறக்கச் சொல்லுது?”

நான் கை கழுவ எழுந்தேன். அவள் விதை அறைக்குள் போனாள். வெகு நேரம் உள்ளே இருந்தாள். 

கிளி அதையே சொல்லிக்கொண்டிருந்தது. விடியற்காலையிலும் சொல்லும், பூசை நேரத்திலும் சொல்லும். கமலாதேவி அதற்கு மறுமொழி சொல்லத் தொடங்கினாள். “ஓம் ராசாத்தி, திறக்கிறன்” என்பாள். ஒரு வீட்டில் இப்படி நடப்பது நல்லதல்ல. கிளி மரக்கறியை விட்டுவிட்டது, திரும்பப் பழக்க வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். உண்மையில் அது தின்றுகொண்டுதான் இருந்தது. கூட்டை விதை அறைக்குள் வைத்துப் பூட்டினேன். பூட்டுத் திறப்பு என் மடியில் இருந்தது. இந்த முறை தண்ணீர் வைக்கவில்லை.

கமலாதேவி கதவோடு சாய்ந்து நிலத்தில் இருந்தாள். உள்ளே அது கேட்கும், வெளியே இவள் மறுமொழி சொல்லுவாள். மூன்றாம் நாள் உள்ளே சத்தம் நின்றது. அவள் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிச் சேலை மாற்றினாள்.

“எங்க போறீர்?” என்று கேட்டேன்.

“ஊர்காவற்றுறைப் பொலிசுக்கு” என்றாள். அவ்வளவுதான். ஒப்பரேசன் செய்த உடம்போடு வெயிலில் பஸ்ஸுக்கு நடந்தாள். நான் மறிக்கவில்லை. நான் அவளை ஒரு நாளும் கைநீட்டி அடித்ததில்லை. மகளையும் அப்படித்தான். அதை அவளே உங்களுக்குச் சொல்லியிருப்பாள்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. சாப்பிடுகிறேன் என்று அம்பிகை எந்த நாள் சொன்னாள் என்பது. ஐந்தாம் நாள். முதலில் சொன்னபோது குரலில் கோபம் இருந்தது. அது போகட்டும் என்று கோப்பையை வைக்காமல் காத்திருந்தேன். ஆறாம் நாள் அழுகையாகச் சொன்னாள், அன்று முழுக்கச் சொன்னாள். கிளி பிடித்துக்கொண்டது அன்றாக இருக்க வேண்டும். ஏழாம் நாள் காலையில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. சாதாரணமாக, பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது மறுமொழி சொல்கிற மாதிரிச் சொன்னாள். அன்று திறந்திருக்கலாம். ஆனால் அன்று வேலணையில் கத்தரிக்கன்று கொடுக்கிற கூட்டம் இருந்தது, நாற்பது குடும்பம் வந்து காத்திருந்தது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது சத்தம் இல்லை. அடுத்த நாளும் இல்லை. பழகிவிட்டாள் என்று நினைத்தேன்.

நினைத்தேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.